ட்ராப்டோர் கார்பைன் வாங்கப் போகிறீர்களா? ‘அசல், குழல் பளபளப்பு, மான் சீசனுக்குத் தயார்’ என்ற விளம்பரம் பற்றி ஓர் எச்சரிக்கை

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஸ்பிரிங்ஃபீல்ட் ட்ராப்டோர் கார்பைன், மாடல் 1884, முழுக்க அசல், குழல் பளபளப்பு, .45-70, வேட்டைக்குத் தயார், 20 தோட்டா இலவசம். விலை 1,850 டாலர். ட்ராப்டோர் என்பது பின்புறம் மேலே திறக்கும் மூடி வழியே ஒவ்வொரு தோட்டாவாகப் போடும் பழைய அமெரிக்க ராணுவ ரைபிள், கார்பைன் அதன் குட்டைக் குழல் வடிவம், .45-70 அதன் தோட்டா ரகம். பெட்டியில் வந்ததோ நீளக் குழல் ரைபிளை அறுத்துக் கார்பைன் வேஷம் கட்டிய ஒன்று. குண்டைச் சுழற்றக் குழலின் உள்ளே வெட்டிய பள்ளங்கள் அரித்துப் போயிருந்தன, விசைப்பகுதி பாதுகாப்புப் படியிலேயே நிற்கவில்லை, இலவசத் தோட்டாக்களோ யாரும் சுடக்கூடாத ரகம். பணம் திரும்பவில்லை, புகார் நடக்கிறது. விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால் கையாண்ட உத்திகளைப் பிரித்துச் சொல்வதே பயன்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தப் பதிவு அமெரிக்காவில் உரிமத்தோடு வேட்டையாடுபவர்களுக்கானது.

பழைய ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு இன்று இவ்வளவு கிராக்கி ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. நேர்ச்சுவர்க் கூடு (வாய்ப்பக்கம் ஒடுங்காத உலோகக் கூடு) கொண்ட தோட்டாக்களை ஒஹாயோ 2014 முதல் மான் வேட்டைக்கு அனுமதிக்கிறது, .45-70 அதில் அடக்கம். மிசிசிப்பியின் பழமை ஆயுத சீசனிலும் வெளியே தெரியும் குதிரையும் (சுடும் ஊசியை அடிக்கும் சுத்தியல்) .35 அங்குலத்துக்குக் குறையாத காலிபரும் (குழல் அளவு) உள்ள ஒற்றைத் தோட்டா ரைபிள் செல்லும். இன்னொரு பக்கம், 1968 துப்பாக்கிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்தது ‘ஆன்டிக்’. கூட்டரசுச் சட்டம் இதற்கு உரிமம் பெற்ற வணிகரைக் கேட்பதில்லை. நேரே வீட்டுக்கு வரும். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இதைப் பெரிய வசதியாக எழுதித்தான் விற்கிறார்கள். இடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஆள் ஒருவரும் இல்லை என்பதே அந்த வசதியின் மறுபக்கம்.

முதலில் வேஷத்தைப் பார்ப்போம். அசல் கார்பைனின் குழல் 22 அங்குலம், ரைபிளின் குழல் 32 அங்குலத்துக்குச் சற்று மேல். நீளம் 22 என்றிருந்தால் மட்டும் அது கார்பைன் ஆகிவிடாது. ரைபிள் கட்டையின் அடியில் துடைப்புக்கோல் செல்லும் வாய்க்கால் ஓடும், கார்பைன் கட்டையில் அது கிடையாது. கட்டையின் முன்நுனியில் மரத்துண்டு வைத்து அடைத்து மெருகு போட்ட வட்டம் தெரிந்தால் அது வெட்டுப்பட்ட ரைபிள். இடப்பக்கம் குதிரைப்படை வீரன் தோள்வாரை மாட்டிய வளையமும் கம்பியும் இருக்கிறதா பாருங்கள். அதை மட்டும் வாங்கிப் பொருத்துகிறவர்களும் உண்டு, ஆகவே வளையத்தை வைத்து நம்பிவிட வேண்டாம். முன்குறியின் அடியில் ஈயப்பற்று வழிந்த கோடு இருந்தால் குழலை அறுத்த பின் ஒட்டியது. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனம் 1970களில் செய்த ட்ராப்டோர் நகல்களும் சந்தையில் உலவுகின்றன. நகல் நல்ல துப்பாக்கிதான். ஆனால் அது ஆன்டிக் அல்ல. அதை ஆன்டிக் என்று மாநிலம் தாண்டி வீட்டுக்கு அனுப்பினால் சட்டச் சிக்கல் இரண்டு பக்கமும் வரும்.

சேகரிப்பாளருக்கு வேஷம் பெரிய இழப்பு. வேட்டைக்காரருக்கு அதைவிடக் குழல்தான் முக்கியம், பெரிய மோசடியும் அங்கேதான். ‘பளபளப்பு’ என்று வந்த படம் குழல்வாயிலிருந்து, வலுவான விளக்கு வைத்து, உள்ளே எண்ணெய் தடவி எடுத்தது. கெட்டியான எண்ணெய் அரிப்புக் குழிகளை நிரப்பிவிடும், வெளிச்சம் மீதியை மறைத்துவிடும். துணித்துண்டில் கரைப்பான் நனைத்து நான்கைந்து முறை இழுங்கள். கருப்பு வந்தால் பழைய வெடிமருந்துக் கசடு. சிவந்த பழுப்பு வந்துகொண்டே இருந்தால் துரு. ட்ராப்டோரில் ஒரு சௌகரியம், பிரீச் பிளாக்கை (குழலின் பின்வாயை அடைக்கும் அந்த மூடி) திறந்தால் பின்பக்கத்திலிருந்தே குழலை நேராகப் பார்க்கலாம். அந்தப் பக்கத்துப் படத்தைக் கேட்டால் அனுப்பாமல் நழுவுகிறவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்து, குழலின் உள்ளளவை அறிய ஈயக்குண்டுச் சோதனை. .47 அங்குல அளவில் மென்மையான சுத்த ஈயக்குண்டு ஒன்று, மீன்பிடித் தூண்டிலுக்குக் கட்டும் ஈயமே போதும். குழலில் லேசாக எண்ணெய் விட்டு, குழல்வாயிலிருந்து மரக்கோலால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி இறக்குங்கள். குண்டு போகும்போது கை உணர்வதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் சட்டென்று தளர்ந்து மறுபடி இறுகினால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது, அதாவது எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். பிறகு குண்டை அளக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுவார்கள்: ஸ்பிரிங்ஃபீல்ட் குழலில் பள்ளங்கள் மூன்றே. ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடு வருவதால் சாதாரண மைக்ரோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வி-வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும், அல்லது லேத் பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு வந்ததில் பள்ளத்தின் விட்டம் .4635. கடையில் விற்கும் .45-70 தோட்டாவின் குண்டு .458. அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு என்று சிறிதாகத் தோன்றும் இந்த இடைவெளியில் வாயு குண்டைத் தாண்டி ஓடும், குண்டு சுழற்சியைப் பிடிக்காது. 50 கஜத்திலேயே தாள் இலக்கில் சாவித்துவார வடிவ ஓட்டைகள், அதாவது குண்டு பக்கவாட்டில் புரண்டு போய்ப் படுகிறது. அப்படிப் படும் குண்டு மானைக் கொல்வதைவிடக் காயப்படுத்தி ஓடவிடும் வாய்ப்புதான் அதிகம். 70 கிரெயின் (தோட்டாவுக்கான எடை அளவு) கருமருந்தும் 405 கிரெயின் மென் ஈயக்குண்டும் போட்ட காலத்தில் இந்தத் தளர்வு ஓரளவு பொறுத்தது. கருமருந்தின் திடீர் உதை ஈயத்தின் அடியை நசுக்கிப் பள்ளத்தை நிரப்பும். புகையில்லா மருந்தின் அழுத்தம் மெதுவாக ஏறும், செப்பு உறை போட்ட குண்டோ நசுங்கவே நசுங்காது.

பிரீச் பக்கம். குதிரையை முழுதாக இழுத்துக் கட்டைவிரலால் முன்னே தள்ளுங்கள், நழுவக்கூடாது. பாதுகாப்புப் படியில் நிறுத்தி விசையை இழுங்கள், விழக்கூடாது. எங்களுக்கு வந்தது இந்த இரண்டாவதில் விழுந்தது. விசையை இலகுவாக்குகிறேன் என்று யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். பிளாக்கைத் தலைகீழாக ஆட்டினால் சுடும் ஊசி தடையின்றி முன்பின் ஓட வேண்டும். கசடில் சிக்கி முன்னே நின்றுவிட்டால் பிளாக்கை மூடும்போதே பிரைமரில் (கூட்டின் அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) குத்தும். தாழ்ப்பாளை மூடிய பின் பிளாக்கைக் கீல் பக்கமாக அசைத்துப் பாருங்கள். கூட்டுக்கும் பிளாக்குக்கும் உள்ள இடைவெளியை அறிய அளவுகோல் இல்லையென்றால், மருந்தும் குண்டும் இல்லாத கூட்டில் பிரைமர் மட்டும் பொருத்தி, பாதுகாப்பான இடத்தில் வெடிக்க வையுங்கள். பிரைமர் எவ்வளவு பின்னுக்கு வந்து நிற்கிறதோ அதுவே இடைவெளி. பூட்டுத் தகட்டின் திருகுகளைக் கழற்றிக் கட்டையில் கை பிடிக்கும் மெலிந்த பகுதியைப் பாருங்கள், எபாக்ஸி ஒட்டிய விரிசல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இலவசத் தோட்டாக்கள் பற்றி ஒரே வார்த்தை: சுடாதீர்கள். எங்களிடம் வந்த பையில் மருந்தின் பெயரோ எடையோ எழுதியிருக்கவில்லை. குண்டுகளைக் கழற்றி எடைபோட்டதில் ஒன்றுக்கொன்று 3 கிரெயின்வரை வித்தியாசம், உள்ளே புகையில்லா மருந்து. .45-70 கூடு கருமருந்துக்காகச் செய்தது என்பதால் உள்ளே நிறைய வெற்றிடம். இரட்டை அளவு போட்டாலும் வெளியே தெரியாது. நவீன லீவர் ரைபிளுக்கும் ரூகர் நம்பர் 1 என்ற வலுவான நவீன ரைபிளுக்கும் எழுதிய மருந்தளவுகள் ட்ராப்டோருக்கு எமன். தோட்டாப் புத்தகங்களில் .45-70க்கு மூன்று தனிப் பட்டியல்கள் இருப்பதன் காரணம் அதுதான். இதற்கு மிகத் தாழ்ந்த பட்டியல் மட்டுமே.

இனி பேரம். ஆன்டிக் வியாபாரத்தில் சுடாமல் பார்த்துத் திருப்பும் மூன்று நாள் வழக்கம் உண்டு. அதை எழுத்தில் வாங்குங்கள், மேலே சொன்ன எதற்கும் ஒரு தோட்டாகூடச் சுடத் தேவையில்லை. ‘சுட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று எங்களுக்கு விற்றவர் இனிக்க எழுதியது, பின்னால் ‘சுட்டுவிட்டீர்கள், திருப்ப முடியாது’ என்பதற்காக. நன்றியறிதல் நாளுக்கு அடுத்த திங்களன்று ஒஹாயோவின் துப்பாக்கி சீசன் தொடங்குகிறது, பொட்டலத்தை அதற்கு முந்தைய வாரத்தில் வந்து சேரும்படி அனுப்பினால் சோதிக்க நேரமிருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கோடையிலேயே வாங்குங்கள். அஞ்சல் மணியார்டர்தான் வேண்டும் என்றால் சம்மதிக்கலாம், ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் மட்டும் விடாதீர்கள்: அஞ்சல் வழி மோசடியை அஞ்சல் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கும், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் நுகர்வோர் புகார் தரலாம்.

ஏற்கெனவே இப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டவர்களுக்கு: 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து .464 அச்சில் குண்டு வார்க்கலாம். ஆனால் அந்தத் தடிமன் குண்டு போட்ட கூடு, தோட்டா அமரும் அறையின் கழுத்தில் நுழையாமல் போகலாம். அச்சு வாங்குமுன் செர்ரோசேஃப் என்ற, குறைந்த சூட்டில் உருகும் உலோகம் ஊற்றி அறையை வார்ப்பெடுத்து, வார்ப்பு ஆறி ஒரு மணிநேரம் கழித்து அளந்துகொள்ளுங்கள். கழுத்தில் இடமில்லை என்றால் மீதமுள்ள வழி குழலுக்குள் புதுக் குழல் செருகுவது, அதற்குக் கேட்கும் கூலியையும் கொடுத்த விலையையும் கூட்டினால் புதிய இத்தாலிய நகலின் விலையைத் தொட்டுவிடும்.