ஈழத்துப் புத்தகம் வாசிக்கிற ஆக்களுக்கு: நூலகம் தளம் பற்றி என்ர ரிவியூ

ஈழத்து நாவல் வாசிக்கோணும், எதில தொடங்கலாம், எங்க வாங்கலாம் எண்டு எங்கட வாட்ஸ்அப் குரூப்பில அடிக்கடி ஆராவது கேக்கினம். எதில தொடங்கலாம் எண்டு கேட்டா நான் மூச்சு விடாமல் கதைப்பன், எங்க வாங்கலாம் எண்டு கேட்டாத்தான் சிக்கல், ஏனெண்டா நான் சொல்லுற புத்தகங்களில கனக்க இப்ப கடையில கிடைக்கிறதே இல்லை. வெள்ளவத்தையில ஒரு கடையில போய் எழுபதுகளில வந்த ஒரு நாவலின்ர பேரைச் சொல்லிக் கேட்டன், அந்தப் பேரையே அவை கேள்விப்படேல்லை, முன்னுக்கு அடுக்கியிருந்தது முழுக்க சோதனை வழிகாட்டியும் பாஸ்ட் பேப்பரும். இந்தியப் புத்தகம் வாங்குவம் எண்டா 2022க்குப் பிறகு எங்கட ரூபாய் விழுந்த விழுகைக்கு பின்னட்டையில இருக்கிற விலையைப் பெருக்கிப் பாக்கவே மனம் வருகுதில்லை, 2024 ஜனவரியில புத்தகத்துக்கும் 18 வீத வற் வந்து சேர்ந்தது.

அதால இப்ப ஆர் கேட்டாலும் நான் முதல்ல சொல்லுறது நூலகம் டொட் ஓர்க், ஈழத்துப் புத்தகங்களை ஒன்லைனில சும்மா வாசிக்கக்கூடிய தளம். தெரிஞ்ச ஆக்கள் சிரிப்பீங்கள், இதுக்கெல்லாம் ரிவியூவா எண்டு, ஆனா கொழும்பில பிறந்து வளந்த பிள்ளையளில கன பேருக்கு இப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது, தெரிஞ்ச ஆக்களும் ஏதாவது ஒரு புத்தகத்தின்ர பேரை கூகிள்ல அடிச்சு, பிடிஎஃப்பை இறக்கிப்போட்டு வெளியில வந்துடுவினம். அதுக்குள்ள நிண்டு சுத்திப் பாத்தாத்தான் என்ன இருக்கு எண்டு விளங்கும்.

2005ல தொண்டாய்ச் செய்யத் தொடங்கின வேலை இது. ஈழத்தில வந்த தமிழ்ப் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை, பாடசாலை மலர், செத்த வீட்டு நினைவு மலர் வரைக்கும் ஸ்கான் பண்ணி ஏத்தி வைச்சிருக்கினம். காசில்லை, மெம்பராகத் தேவையில்லை. 1981ல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சபோது கிட்டத்தட்ட 97,000 புத்தகம் போனது, அதில ஒரே ஒரு பிரதியா இருந்ததெல்லாம் சேர்ந்து போனது. ஒரு புத்தகம் ஒரே ஒரு கட்டிடத்தில மட்டும் இருந்தா என்ன நடக்கும் எண்டது எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதாலதான் இந்தத் தளத்தை நான் இவ்வளவு மதிக்கிறன்.

பாவிக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லுறன். விக்கிப்பீடியா மாதிரியான பக்கம்தான், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, எத்தினை பக்கம் எண்டு ஒரு சின்னப் பெட்டி, அதுக்குக் கீழ "வாசிக்க" எண்டு இருக்கும், அதிலதான் பிடிஎஃப் லிங்க், பக்கத்திலேயே எத்தினை எம்பி எண்டும் போட்டிருக்கும், டேட்டா குறைவான ஆக்கள் அதைப் பாத்திட்டு அமத்துங்கோ. சிலதுக்கு எழுத்துணரியாக்கம் எண்டு இன்னொரு லிங்க் இருக்கும், அது எழுத்தா வரும், போனில பெரிசாக்கி வாசிக்கலாம், ஆனா பழைய அச்சு மங்கினதெண்டா எழுத்து மாறி மாறி விழும், அப்ப பிடிஎஃப்தான் சரி. எழுத்தாளற்ற பேரைத் தேடேக்க இனிசலைப் பின்னுக்குப் போட்டுத் தேடுங்கோ, அப்பிடித்தான் அடுக்கியிருக்கினம்.

எல்லாத்தையும் விட நல்ல வழி ஆண்டுப்படி பாக்கிறது. 1973ஐப் போய்ப் பாருங்கோ. எழுபதுகளின்ர தொடக்கத்தில அரசாங்கம் இந்தியச் சஞ்சிகை, புத்தக இறக்குமதியைக் கட்டுப்படுத்தினதும் இஞ்ச எழுதுற ஆக்களுக்கு வாசல் திறந்தது, வீரகேசரி பிரசுரம் எண்டு வரிசையா நாவல் வந்தது, சாதாரண சனம் வாங்கி வாசிச்சது. நான் இப்ப வாசிச்சு முடிச்ச ரெண்டும் அந்த ஆண்டில வந்ததுதான்.

ஒண்டு அ. பாலமனோகரனின்ர நிலக்கிளி. வன்னியில தண்ணிமுறிப்பு எண்ட குளத்தடிக் கிராமம், பதஞ்சலி எண்ட பெட்டை, கதிராமன், பிறகு ஊருக்கு வாற வாத்தியார். கதையை இதுக்கு மேல சொல்லமாட்டன். எனக்குப் பிடிச்சது காடு. வேட்டை, வயல், குளத்துத் தண்ணி, மழைக்காலம் எல்லாம் அந்தச் சனத்தின்ர வேலையோட வேலையா வரும், அழகு காட்டுறதுக்கெண்டு ஒரு வரியும் இல்லை. பதஞ்சலி மேல எழுத்தாளருக்கு இருக்கிற பாசம் ஒவ்வொரு பக்கத்திலயும் தெரியும், அவள் செய்யிறதுக்கு அவர் ஒரு இடத்திலயும் தீர்ப்புச் சொல்லேல்லை. சாகித்தியப் பரிசு வாங்கின நாவல், கொழும்பில பிளட்டில இருக்கிற எங்களுக்கு வன்னி எண்டா செய்தியில வந்த வன்னி மட்டும்தான் தெரியும், அதுக்கு முன்னம் அங்க சனம் எப்பிடிச் சீவிச்சது எண்டு பாக்கிறதுக்காகவே இதை வாசிக்கோணும்.

மற்றது செங்கை ஆழியானின்ர வாடைக்காற்று. நெடுந்தீவு, வாடைக்காத்துப் பிறந்தா வெளியூரில இருந்து வந்து வாடி, அதாவது கடற்கரையில கொட்டில், போட்டு மீன்பிடிக்கிற ஆக்கள், செமியோன், மரியதாஸ் எண்டு ரெண்டு பேர், உள்ளூர்ப் பெட்டையள், பகை. படமாயும் வந்தது 1978ல. அவர் புவியியல் படிச்ச மனிசன், அதால காத்தும் கடலும் தீவும் துல்லியமா இருக்கும். ஆனா நேர்மையாச் சொன்னா காதல் பகுதியள் எனக்குக் கொஞ்சம் படத்தனமாப் பட்டுது, நிலக்கிளியோட வைச்சுப் பாத்தா நிலக்கிளிதான் ஒரு படி மேல. முதல்தரம் ஈழத்து நாவல் வாசிக்கிற ஆளெண்டா மட்டும் வாடைக்காற்றில தொடங்குங்கோ, விறுவிறுவெண்டு ஓடும்.

இனி நான் உண்மையிலயே சொல்ல வந்த விஷயம். நூலகம் தளத்தில புத்தகத்தை விடப் பெரிய சொத்து சஞ்சிகையள். புத்தகமெண்டா எப்பவாவது மறுபதிப்பு வரலாம், சஞ்சிகையை ஆர் திரும்ப அடிப்பினம்? மல்லிகையை எடுங்கோ. டொமினிக் ஜீவா 1966ல யாழ்ப்பாணத்தில தொடங்கி, பிறகு கொழும்புக்கு வந்து ஸ்ரீ கதிரேசன் வீதியில இருந்து 2012 வரைக்கும் கொண்டுபோனவர். சலூன் வைச்சிருந்த மனிசன், தானே அச்சடிச்சு தானே கையில கொண்டு திரிஞ்சு வித்தது. அட்டையில எழுத்தாளர், கலைஞர் எண்டு ஒருவற்ற படம், உள்ளுக்கு கதை, கவிதை, சண்டை, தூண்டில் எண்டு வாசகர் கேள்விக்கு அவற்ற பதில். ஒரு இதழைத் திறந்தீங்கள் எண்டா கதையை விட்டிட்டு விளம்பரத்தை வாசிச்சுக்கொண்டு இருப்பீங்கள், இப்ப இல்லாத கடையள், பழைய ரெலிபோன் நம்பர், ஒரு ரூபாக்கும் குறைஞ்ச விலை. எந்த எழுத்தாளர் நல்லவர் எண்டு என்னட்டக் கேக்கிறதை விட பத்து மல்லிகையைப் புரட்டிப் பாருங்கோ, உங்களுக்கே ஆள் அம்பிடும். எனக்கு மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அப்பிடித்தான் அம்பிட்டவர். பிறகு தேடித் தேடி வாசிச்சன், நாமிருக்கும் நாடே சிறுகதைத் தொகுதியை மலையகத்தைப் பற்றி ஏதும் தெரியாத கொழும்புத் தமிழாக்கள் கட்டாயம் வாசிக்கோணும் எண்டு நினைக்கிறன்.

பகிடி பிடிக்கும் எண்டா சிரித்திரன் எண்ட பகிடிச் சஞ்சிகை. சுந்தரின்ர சவாரித் தம்பர் கார்ட்டூனை அம்மா ஆக்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்கள், இப்ப நீங்களே பாக்கலாம். வீட்டில வயசான ஆக்கள் இருந்தா டப்பில போட்டுக் குடுங்கோ, பிறகு டப் உங்கட கைக்கு வராது.

இங்கிலிஷ்ல நான் இப்ப வாசிச்சுக்கொண்டு இருக்கிறது வி. வி. கணேசானந்தனின்ர பிரதர்லெஸ் நைட், 2024ல பெண்கள் புனைகதைப் பரிசு வாங்கினது. யாழ்ப்பாணத்தில டொக்டராகோணும் எண்டு படிக்கிற சசி எண்ட பெட்டை, எண்பதுகள், நாலு அண்ணன் தம்பி. யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதும் அதில வருது. அந்த அத்தியாயத்தை வாசிச்சுப்போட்டு புத்தகத்தை மூடிவைச்சிட்டு, அந்தக் காலத்துப் பத்திரிகை என்ன எழுதினது எண்டு நூலகம் தளத்தில போய்த் தேடினன். ஒரு நாவலை இப்பிடிப் பக்கத்தில பழைய பேப்பரை வைச்சு வாசிக்க ஏலுமெண்டு நான் நினைச்சதில்லை, நீங்களும் செய்து பாருங்கோ.

போனில முழு நாவல் வாசிக்கிறது கண்ணுக்கு கஷ்டம்தான், அதை மறைக்கேல்லை. பழைய தாள் பழுப்பானதால சில பக்கம் மங்கலாத்தான் இருக்கும், போனைச் சரிச்சுப் பிடிச்சு அரைப் பக்கம் அரைப் பக்கமா வாசிச்சா பரவாயில்லை. கடதாசியில வாசிச்சாத்தான் வாசிச்ச மாதிரி எண்டுற ஆக்கள் 57ஆம் ஒழுங்கையில கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போங்கோ, 100, 101 பஸ் ரெண்டும் காலி வீதியால போகும், வெள்ளவத்தையில இறங்கி நடக்கிற தூரம். வாங்கோணும் எண்டா செட்டியார் தெருப் பூபாலசிங்கம் புத்தகக் கடையில ஈழத்து ஆக்களின்ர அலுமாரியைத் தனியாக் கேட்டுப் பாருங்கோ. இப்ப எழுதிக்கொண்டு இருக்கிற ஆக்களின்ர புத்தகத்தைத் தயவுசெய்து காசு குடுத்தே வாங்குங்கோ, பிடிஎஃப் அனுப்பு எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ.

அஞ்சுக்கு அஞ்சு குடுக்கிறன், யோசிக்காமல். உங்கட வீட்டு அலுமாரிக்கு மேல பழைய சஞ்சிகைக்கட்டு, கோயில் மலர், அப்பப்பான்ர நினைவு மலர் எண்டு ஏதும் கிடந்தா பேப்பர்காரனுக்குப் போடமுதல் நூலகம் தளத்து ஆக்களோட ஒருக்கா தொடர்பு கொள்ளுங்கோ. நான் அடுத்ததா டானியலின்ர பஞ்சமர் நாவலைத் தொடங்கப்போறன், 1972ல வந்தது, ஆராவது சேர்ந்து வாசிக்க வாறீங்களா? கிழமைக்கு ரெண்டு மூண்டு அத்தியாயம், ஞாயிறு பின்னேரம் இருந்து கதைக்கலாம்.