பால் மில்லுக்கு (ball mill) ஒரு சாஃப்ட் சென்சார்: தரமணி நிறுவனம் ஒன்றின் சேவை குறித்து

எஃகுக் குண்டுகளைக் கொண்டு தாதுவை அரைத்தபடி சுழன்றுகொண்டிருக்கும் பால் மில்லுக்குள் எவ்வளவு தாது நிறைந்திருக்கிறது என்பதை ஆபரேட்டரால் நேரடியாக அளக்க முடிவதில்லை. அரைத்த கூழைச் சுழற்றி நுண்துகள்களைப் பிரித்தெடுக்கும் ஹைட்ரோசைக்ளோனின் மேல்வழிவில் போகும் துகள்களில் எத்தனை சதவீதம் 75 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறது என்பதும், மாதிரியை வடிகட்டி, உலர்த்தி, சல்லடையில் சலித்து ஆய்வகம் சொன்ன பிறகுதான் தெரிகிறது. அதற்குள் சில மணி நேரத்து உற்பத்தி கடந்துவிடுகிறது. துகள் அளவை உடனுக்குடன் காட்டும் கருவிகள் இருந்தாலும், அவற்றின் விலையும் பராமரிப்பும் சிறிய ஆலைகளுக்குக் கட்டுப்படியாவதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத் தரமணியில் இயங்கும் சிறு நிறுவனம் ஒன்று தரும் சாஃப்ட் சென்சார் மென்பொருளை, அதாவது நேரடியாக அளக்க முடியாததை மற்ற அளவீடுகளிலிருந்து கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை, சென்னை அலுவலகத்திலிருந்து நாங்கள் கவனித்துவரும் கர்நாடக இரும்புத் தாது ஆலை ஒன்றில் பயன்படுத்திவருகிறோம்.

ஆலையில் ஏற்கெனவே இருக்கும் அளவீடுகளே இதற்குப் போதும்: பெல்ட் எடைமானி, நீரோட்டம், மோட்டார் மின்திறன், மில் தாங்கிகளின் எண்ணெய் அழுத்தம், சைக்ளோன் அழுத்தம், கூழின் அடர்த்தி. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணக்கிடும் பொருள் சமநிலைச் சமன்பாடுகளையும் சைக்ளோனுக்கான லிஞ்ச்–ராவ் என்ற கணித மாதிரியையும் கொண்டு மென்பொருள் அடுத்த நிலையைக் கணிக்கிறது. பிறகு கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கால்மன் வடிப்பான் என்ற கணக்கீட்டு முறை வழியாகத் திருத்திக்கொள்கிறது.

இதன் உண்மையான பலன் மில் நிரம்பி வழியும் நேரத்தில் தெரிகிறது. நிரப்பு கூடக்கூட மின்திறனும் ஏறும். ஆனால் ஓர் உச்சத்தைத் தாண்டியதும், உள்ளிருக்கும் சுமையின் ஈர்ப்பு மையம் மில்லின் அச்சை நெருங்கிவிடுவதால், மின்திறன் இறங்கத் தொடங்கும். ஆகவே ஒரே மின்திறன் அளவு இரண்டு வெவ்வேறு நிரப்புகளைக் குறிக்கக்கூடும். மின்திறன் இறங்குவதைக் கண்டு மில் காலியாகிறது என்று எண்ணித் தாதுவைக் கூட்டினால், நெரிசல் இன்னும் முற்றும். இந்த மென்பொருள் மில்லின் எடையைக் காட்டும் தாங்கி அழுத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் உச்சத்தின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. தாது ஊட்டத்தைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கையும் உரிய நேரத்தில் வருகிறது. இரவு ஷிஃப்டில் தனியாக இருக்கும் ஆபரேட்டருக்கு இது பெரும் துணை என்றே கருதுகிறேன்.

ஒவ்வொரு மதிப்பீட்டுடனும் அதன் நம்பக எல்லையையும், அதாவது உண்மை அளவு இருக்கக்கூடிய வரம்பையும், திரையில் காட்டுகிறார்கள். அடர்த்திமானி பழுதானால் அந்த எல்லை அகல்வதைக் கண்ணால் காணலாம். அகலம் ஒரு வரம்பைக் கடந்தால், சைக்ளோனுக்குக் கூழை அனுப்பும் தொட்டியில் (சம்ப்) சேரும் நீரைத் தானே திருத்தும் கட்டுப்பாடு ஆபரேட்டரின் கைக்குத் திரும்பிவிடுகிறது. நம்பத் தகாத நேரத்தைத் தானே அறிவிக்கும் இந்தப் பண்புக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

குறை பராமரிப்பில் இருக்கிறது. மில்லின் உட்சுவரைக் காக்கும் லைனர் தேயத் தேய மில்லின் வெற்று எடை குறைகிறது, புதிய லைனர் பூட்டியதும் திடீரென ஏறுகிறது. எஃகுக் குண்டுகளின் தேய்மானமும் இதோடு சேர்கிறது. லைனர் மாற்றியபின் மென்பொருளின் கணித மாதிரியை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும் என்று நிறுவனத்தினர் முன்கூட்டிச் சொல்லவில்லை. நிரப்பின் மதிப்பீடு விலகி நின்றதை எங்கள் பொறியாளர்களே கண்டுபிடித்துத் தெரிவித்த பிறகுதான் ஆள் அனுப்பினார்கள். தொலைபேசியில் பொறுமையாக, தமிழிலேயே விளக்கும் குழு என்பதால் சிக்கல் நீடிக்கவில்லை.

அளவீட்டுக் கருவிகளை ஒழுங்காகச் சரிபார்க்காத ஆலை இதை வாங்குவதில் பயனில்லை. வாங்குவோர், ஒவ்வொரு லைனர் மாற்றத்துக்குப் பின்னும் நேரில் வந்து மறு அளவுதிருத்தம் செய்து தரும் பொறுப்பைக் கூடுதல் கட்டணமின்றி ஆண்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.