கடலோர ஊரில் பியானோ: டிஜிட்டலா, அகூஸ்டிக்கா?

கடையில் ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்தால், நிஜக் கம்பிகளை அடித்து ஒலியெழுப்பும் அகூஸ்டிக்தான் ஜெயிக்கும். சென்னை மாதிரி ஊரில் இரண்டையும் வருஷக்கணக்கில் வைத்து வாசித்த பிறகு, ஒலியெல்லாம் இரண்டாம்பட்சம், ஈரம்தான் முதல் கணக்கு என்று புரிந்துவிடும்.

அப்ரைட் என்கிற, நிமிர்ந்து நிற்கும் அகூஸ்டிக் பியானோவுக்குள் ஏறக்குறைய 230 கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கும் விசை டன் கணக்கில் வரும். வார்ப்பிரும்புச் சட்டம் அதைத் தாங்கிக்கொள்ளும். தகராறு பண்ணுவது பின்னால் இருக்கும், ஒலியைப் பெருக்கும் ஸ்ப்ரூஸ் மரப் பலகை. அது ஈரத்தைக் குடித்து உப்பினால் கம்பிகள் இறுகிச் சுதி ஏறும், காய்ந்தால் இறங்கும். எல்லாம் ஒரே அளவில் நகர்ந்தால்கூடச் சமாளிக்கலாம். நடு ஸ்தாயி ஒரு அளவில், மேலும் கீழும் வேறு அளவில் நகர்வதால்தான் காது கூசுகிறது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதத்துக்குள் நிலையாக நின்றால் பியானோ நிம்மதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே அது சர்வசாதாரணமாக 80ஐத் தாண்டுகிறது. ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறை அதைவிட மோசம், தினமும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் வந்து போகும். வெளிச்சுவரை ஒட்டியும் ஏசிக்கு நேர் எதிரிலும் வைக்காதீர்கள்.

ட்யூனிங் வருஷத்துக்கு இரண்டு முறை. மழை ஆரம்பித்த கையோடு ட்யூனரைக் கூப்பிடுவது காசுக்குக் கேடு, பலகை இன்னும் உப்பிக்கொண்டிருக்கும். ஜனவரி கடைசியில் ஒன்று, ஜூலை வாக்கில் ஒன்று என்றால் சரியாக வரும். புதுப் பியானோவில் கம்பிகள் இழுபட்டு அடங்கும்வரை, முதல் வருஷம் மூன்று நான்கு முறை தேவைப்படும்.

மழையில் வரும் அடுத்த புகார், அழுத்திய கட்டை எழும்பாமல் நிற்பது. முதலில் அந்தக் கட்டையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளியும் அசையாவிட்டால் கீழே உலோகப் பின்னைச் சுற்றியிருக்கும் ஃபெல்ட் (கம்பளித் துணி) உப்பியிருக்கிறது, ட்யூனர் அதற்கென்று உள்ள இடுக்கியால் லேசாக அமுக்கிச் சரிசெய்துவிடுவார். கட்டை எழும்பியும், கம்பியை அடிக்கும் சுத்தி சோம்பலாகத் திரும்பினால் கோளாறு மேலே, சுத்தியின் அச்சுப் பின்னில். சில புகார்களில் உள்ளே விழுந்த பென்சிலோ நாணயமோதான் கிடைக்கும். எதுவானாலும் டபிள்யூடி-40 மட்டும் அடிக்காதீர்கள். எண்ணெய் ஃபெல்ட்டில் ஊறினால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டிவரும். சிலிகா ஜெல் பொட்டலங்களும் வீண், சீக்கிரமே நிரம்பிவிடும். அப்ரைட்டின் கீழ்ப்பலகைக்குப் பின்னால் ஈரமானியோடு சேர்ந்த சூடேற்றும் தண்டு பொருத்துவதுதான் பலன் தருகிறது. ஈரம் கூடினால் தானே எரியும், குறைந்தால் அணையும். பழைய ஆட்கள் வைக்கும் சின்ன பல்பும் வேலை செய்யும், ஆனால் மழை ஓய்ந்த பிறகு அணைக்க மறந்தால் பலகை காய்ந்து வெடிக்கும். அந்துப்பூச்சி, எலி, கறையான் மூன்றுக்கும் ஃபெல்ட்டும் மரமும் விருந்து என்பதால் மாதம் ஒருமுறை கீழ்ப்பலகையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

டிஜிட்டலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, வேறு தொல்லை உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழ்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் கார்பன் பொட்டுகள். முதல் பொட்டு தொடுவதற்கும் இரண்டாவது தொடுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் கருவி உங்கள் வேகத்தைக் கணக்கிடுகிறது. தூசியோ உப்புக்காற்றின் படிவோ சேர்ந்தால் கணக்குத் தப்பி, மெதுவாக அழுத்திய ஸ்வரம் திடீரென்று அலறும், இல்லையென்றால் ஒலிக்கவே ஒலிக்காது. திறந்து, ரப்பர் பட்டையைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்ல ஒற்றினால் பெரும்பாலும் சரியாகும். அழுத்தித் தேய்த்தால் கார்பனே உரிந்து வந்துவிடும். வாசிக்காதபோது துணியால் மூடி வைத்தாலே இந்த வேலை பல வருஷம் தள்ளிப்போகும்.

கட்டைக்கு அடியிலுள்ள ஃபெல்ட் நாளடைவில் அமுங்கி 'டக் டக்' என்று கேட்கும். ஹெட்ஃபோன் போட்டு நள்ளிரவில் வாசித்தாலும் இந்தத் தட்டல் ஸ்டாண்டு வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும், காலடியில் தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும். இடி மின்னலில் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். மாடல்களும் சீக்கிரம் மாறுகின்றன: 2015இல் வந்த யமஹா பி-45க்குப் பதிலாக 2023இல் பி-145 வந்துவிட்டது. அதனால் மறுவிற்பனையில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது ஒரே வெள்ளைக் கட்டையை விளிம்பில் ஒருமுறை, கறுப்புக் கட்டைகளுக்கு இடையில் உள்ளே தள்ளி ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மெலிந்த டிஜிட்டல்களில் கட்டையின் அச்சு கிட்டத்தில் இருப்பதால் உள்ளே அழுத்த அதிக பலம் வேண்டியிருக்கும். ஷார்ப், ஃப்ளாட் நிறைந்த பாடங்களில் விரல் அங்கேதான் போகும். ஒரு கட்டைக்கு மூன்று சென்சார் இருந்தால் கட்டை முழுதும் எழும்பாமலே மறுபடி தட்டலாம். அழுத்தினால் கனமே தெரியாத 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு இந்தப் போட்டியிலேயே இல்லை. டிரினிட்டி இசை கிரேடு தேர்வில்கூட அதற்குப் பாடத்திட்டம் தனி.

ஆரம்ப கிரேடுகளுக்கு, அகூஸ்டிக் போலக் கனமாக அழுந்தும் 88 கட்டைகளும், பாதி அழுத்தலையும் உணரும் அரைப்பெடலும் மூன்று சென்சாரும் கொண்ட டிஜிட்டல் தாராளமாகப் போதும். கவனிப்பாரில்லாத அகூஸ்டிக்கைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் சுதி விலகிய பியானோவில் பழகும் பிள்ளையின் காது அதற்கே பழகிவிடும். மேல் கிரேடுகளில், மென்மையிலேயே பல நிறம் காட்ட வேண்டிய கட்டத்தில், டிஜிட்டல் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். அப்போது அப்ரைட் வாங்குங்கள், நம்பகமான ட்யூனர் ஊருக்குள் இருந்தால் மட்டும்.

பழைய ஜப்பான் அப்ரைட் என்றால் விலை பேசுமுன் உங்கள் ட்யூனரையே கூட்டிப்போய், கம்பிகள் சுற்றியிருக்கும் சுருதி முளைகள் இறுக்கமாக நிற்கின்றனவா என்று சாவி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முளை தளர்ந்திருந்தால் எத்தனை முறை சேர்த்தாலும் சுதி நிற்காது. பிறகு கம்பித் துரு, சுத்திகளில் விழுந்த பள்ளம், இரும்புச் சட்டத்தில் விரிசல். சட்டம் விரிசல் விட்டிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம், 200 கிலோவுக்கு மேற்பட்டதை மாடியேற்றும் கூலிதான் மிஞ்சும்.