லெதர்மேன் வேவ் பிளஸ்: தேர்வும் திருத்தமும்

பல கருவிகள் ஒன்றாய் மடங்கிய மல்டி டூல் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்ததும், எந்த வேலைக்கு எந்தக் கருவியைத் தேடிப் போகிறேன் என்பதை இரண்டு வாரம் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். நான் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜின் முனைகளில் களிம்பேறி இறுகிக் கிடக்கும் திருகுகளைத் தளர்த்துவது, இணைப்புக் கம்பிகளின் உறையை உரிப்பது, கம்பியின் அதிர்வைச் சோதிக்கும் சோனாமீட்டருக்குப் புதிய எஃகுக் கம்பியை நறுக்கிக் கட்டுவது, எனாமல் பூசிய செம்புக் கம்பியின் முனையைச் சுரண்டுவது, வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பது என்று என் நாள் ஓடும். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது குறடும் திருப்புளியும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. அவற்றுக்கு அடுத்தது கத்தரி. கத்திக்கு நான்காம் இடம்தான். ரம்பம் ஒருமுறைகூட வரவில்லை. விளம்பரத்தில் போட்டிருக்கும் கருவிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கணக்கு கையில் இருந்ததால் இரண்டு பெரும் மரபுகளுள் எது எனக்குரியது என்று முடிவு செய்வது எளிதாயிற்று. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் மரபு, கார்ல் எல்சனர் 1891இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடக்குக் கத்தியிலிருந்து வருவது. துப்பாக்கியைப் பிரிக்க ஒரு திருப்புளியும் தகர டப்பாவைத் திறக்க ஒரு கருவியும் கத்தியோடு சேர்ந்துகொண்ட அமைப்பு அது. அமெரிக்காவின் லெதர்மேன் மரபோ வேறொரு தேவையில் பிறந்தது. 1975இல் ஒரு பழைய ஃபியட் 600 காரில் ஐரோப்பாவைச் சுற்றிவந்த டிம் லெதர்மேன், பழுதாகும் காரோடும் விடுதிகளின் ஒழுகும் குழாய்களோடும் மல்லுக்கட்டியபோது, தன் கையிலிருந்த மடக்குக் கத்தியில் ஒரு குறடு இல்லையே என்று ஏங்கினார். அந்த ஏக்கம் விற்பனைக்குரிய கருவியாக மாற 1983 வரை ஆயிற்று. முன்னது கத்தியைச் சுற்றிக் கட்டப்பட்டது. பின்னது குறட்டைச் சுற்றிக் கட்டப்பட்டது. என் குறிப்பேட்டில் குறடு முதலிடத்தில் இருந்ததால் வேவ் பிளஸ் என்னும் மாதிரியை வாங்கினேன்.

விலை 10,000 ரூபாயைத் தாண்டும் என்பதால் அதை வாங்கத் தயங்கி, முதலில் நடைபாதைக் கடை ஒன்றில் பெயர் பொறிக்காத மல்டி டூல் ஒன்றை வாங்கியிருந்தேன். இறுகிய ஒரு திருகுமரையைத் திருப்ப முயன்ற மூன்றாம் நாளே அதன் கைப்பிடித் தகடு முறுக்கிக்கொண்டு விரலை நசுக்கியது. மல்டி டூலில் விலை போய்ச் சேரும் இடம் கருவிகளின் எண்ணிக்கை அல்ல, கீல்களும் பூட்டுகளும் கைப்பிடித் தகட்டின் கனமும்தான் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

வேவ் மாதிரி 1998இல் வந்தது. கைப்பிடியை விரிக்காமலே, வெளிப்புறத்திலிருந்து ஒரே கையால் கத்தியைத் திறக்க முடிவது அதன் புதுமை. 2018இல் வந்த வேவ் பிளஸ்ஸில் கம்பி வெட்டும் பற்கள் தனியே கழற்றி மாற்றக்கூடியவை ஆயின. இந்த ஒரு மாற்றத்துக்காகவே புதிய மாதிரியை நான் பரிந்துரைப்பேன். கம்பி வெட்டுபவர்கள் அனைவரும் அறிந்ததுதான்: செம்பை வெட்டும் பற்களில் எஃகுக் கம்பியை வைத்து அழுத்தினால் பல்லில் பொக்கை விழும், அதன் பிறகு மெல்லிய செம்பு இழைகூட வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். சோனாமீட்டர்க் கம்பி போன்ற கடினமான கம்பிகளுக்கென்று கீலை ஒட்டித் தனியாக ஒரு வெட்டு இடம் இதில் உண்டு. எஃகை அங்கேதான் வைக்க வேண்டும். தவறிப் பொக்கை விழுந்தாலும், குறடு முழுவதையும் இழக்காமல் பற்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

குறடின் மூக்கு கூராக இருப்பதால் மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டின் அடியில் விழுந்த சிறு திருகுமரையைக்கூட எடுக்க முடிகிறது. எனினும் டபாரியா நிறுவனத்தின் எட்டு அங்குலக் குறடு தரும் பிடி இதில் கிடைக்காது. நான்கு அங்குலத்துக்குள் மடங்கும் ஒரு கருவியிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. கைப்பிடி முழுவதும் வெறும் எஃகு என்பதையும் மறக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் உள்ள எதையும் இதனால் தொடவே கூடாது. அதற்குக் கைப்பிடியில் மின்காப்பு உறையிட்ட குறடும் அணைத்த மெயின் சுவிட்சும் வேண்டும். எடை 241 கிராம். வேட்டியோ மெல்லிய காற்சட்டையோ அணிபவருக்கு இது பாரம்தான்.

இனி, திருத்தத்துக்கு வருகிறேன். மல்டி டூலை வாங்கிய நாளில் அது பாதிதான் முடிந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆனால் கருவியின் அமைப்பையே மாற்றினால் நிறுவனத்தின் 25 ஆண்டு உத்தரவாதம் பொருந்தாது என்பதால், அரத்தால் தேய்த்து வடிவம் மாற்றும் வேலை எதிலும் இறங்கவில்லை.

முதல் வேலை எண்ணெய். நம் வீடுகளில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய்தான். அதை மட்டும் கீலில் ஊற்றக் கூடாது. மார்கழிக் காலையில் அது உறைந்துவிடும்; நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகிக் கீலை இறுக்கும். கருவியை வெந்நீரில் முக்கி, எல்லாவற்றையும் பலமுறை திறந்து மூடி, அழுக்கு வெளியேறியதும் நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு கீலுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டாலே புதுக் கருவியின் விறைப்பு தளர்ந்துவிடுகிறது. பழம் நறுக்கவும் அதே கத்தியைப் பயன்படுத்துபவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் விடலாம். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி வியர்வை ஈரத்தோடு உறையில் போட்டுவைத்தால் கீல் ஓரங்களில் பழுப்புப் புள்ளி வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது கத்தியின் வெட்டு விளிம்பு. 420எச்சி என்னும் இதன் எஃகு மிகக் கடினமானது அன்று; விரைவில் மழுங்கும், ஆனால் விரைவிலேயே தீட்டவும் படும். செம்புக் கம்பியின் எனாமலைச் சுரண்டும் எனக்கு இது பொருத்தமான எஃகு. விளிம்பு நெடுக மார்க்கர் மையைப் பூசிச் சாணைக்கல்லில் ஒருமுறை இழுத்துப் பார்த்தால், மை எங்கே அழிகிறது என்பதிலிருந்து கோணம் சரியா என்பது தெரிந்துவிடும். பக்கத்துக்கு 20 பாகை அளவில் தீட்டி, மறுபுறம் எழும் பிசிறு நீங்கும்வரை பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் போதும். பல்லுள்ள இரண்டாவது கத்தியை இதே கல்லில் வைத்துத் தேய்த்து வீணாக்கிவிட வேண்டாம்.

திருப்புளியில்தான் நான் கூடுதலாகச் செலவு செய்தேன். இதில் பொருந்தும் பிட்டுகள், அதாவது கழற்றி மாற்றும் திருப்புளி முனைகள், தட்டையானவை. கடைகளில் கிடைக்கும் அறுகோண பிட் நேரடியாகப் பொருந்தாது. 21 இருமுனைப் பிட்டுகள் கொண்ட தொகுப்பும், அறுகோண பிட்டைப் பொருத்திக்கொள்ள உதவும் நீட்டிப்புக் கம்பியும் தனியாக விற்கப்படுகின்றன. நீட்டிப்பு இருந்தால்தான் ஆய்வகக் கருவிகளின் கூட்டுக்குள் ஆழத்தில் இருக்கும் திருகுக்கு எட்டுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நீட்டிப்பை வாங்குங்கள்.

கடைசியாக உறை. செங்குத்தாகத் தொங்கும் உறை, முக்காலியில் உட்காரும்போதெல்லாம் விலாவில் குத்தியது. எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர், பெல்ட்டில் படுக்கைவாக்கில் கோத்துக்கொள்ளும்படி தடித்த தோலில் ஒன்று தைத்துக் கொடுத்தார். பிட்டுகளுக்கு ஒரு சிறு மடிப்பையும் அவராகவே சேர்த்திருந்தார். நான் செய்த திருத்தங்களிலேயே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தந்தது இதுதான்.

குறிப்பேட்டில் கத்தரியும் கத்தியும் முதலில் வருபவர்களுக்கு இந்தக் கருவி தேவையே இல்லை. 58 மில்லிமீட்டர் நீளமுள்ள விக்டோரினாக்ஸ் கிளாசிக் ஒன்று சாவிக்கொத்தில் தொங்கினால் அவர்களுக்குப் போதும். என் மனைவியிடம் இருப்பது அதுதான். விமானத்தில் போகிறவர்கள், எதை வைத்திருந்தாலும், அதைக் கைப்பையில் விட்டுவிடாமல் முந்தின இரவே பதிவு செய்து அனுப்பும் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.