“சொந்த மகன்னே போட்டுடலாம் தம்பி”: விசா ஏஜென்டிடம் 2,400 வெள்ளி விட்ட கதை

மனைவி, பிள்ளையைச் சிங்கப்பூருக்கு அழைத்துவர நினைப்பவர்கள், அதிலும் மறுமணம் செய்துகொண்டு மனைவியின் பிள்ளையையும் சேர்த்து அழைப்பவர்கள், ஏஜென்ட் வீட்டுப் படியேறுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு ஈபி, அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி. சாங்கி பக்கம் வேலை. போன வருஷம் கல்யாணம். மனைவிக்கு இது இரண்டாவது மணம். முதல் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்று வயதில் ஒரு பையன். நிச்சயம் முடிந்த வாரத்திலிருந்தே என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. நான் ஏமாந்ததில் ஏஜென்டின் சாமர்த்தியம் பாதிதான்.

தேக்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். டீ வரவழைத்துக் கொடுத்தார். காகிதங்களைப் புரட்டினார். பையனின் பிறப்புச் சான்றிதழ் வந்ததும் நிறுத்தி, தகப்பனார் பெயர் இருந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு சொன்னார்: “இதை நினைச்சு மனசு சங்கடப்படாதீங்க. சொந்த மகன்னே போட்டுடலாம் தம்பி. ரெண்டு பேருக்கும் டிபி. யாரு கேக்கப்போறா?” டிபி என்றால் டிபெண்டன்ட் பாஸ், குடும்பத்தார் நம்மோடு இங்கே தங்குவதற்கான அனுமதி.

அங்கேயே விழுந்துவிட்டேன். ஊரில் ஆளாளுக்கு ‘அது யாரு பிள்ளை’ என்று கேட்டுச் சலித்துப்போயிருந்த நேரம். அரசாங்கக் காகிதத்திலேயே என் மகன் என்று இருந்துவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாதே என்று பட்டது. 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கம். ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்ற ஒரே வரி. ஏஜென்சி உரிம எண் கிடையாது. நானும் பார்க்கவில்லை.

அப்புறம் ஏழு வாரம் “ப்ராசஸ்ல இருக்கு தம்பி”தான். நடுவில், “விசிட் விசாவுல வரச் சொல்லுங்க, இங்க வந்ததும் மாத்திக்கலாம்” என்றார். வந்தார்கள். முப்பது நாள் ஓடியது. ஒன்றும் மாறவில்லை. திருச்சிக்குத் திரும்பும் டிக்கெட்டையும் நானே எடுத்தேன். சாங்கி விமான நிலையத்தில் உள்ளே போகும்போது பையன் என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, பட்டன் அறுந்தது.

அடுத்த வாரம் ஏஜென்ட் ஒரு படிவத்தை நீட்டி, கம்பெனி முத்திரை வாங்கி வரச் சொன்னார். அப்போதுதான் குட்டு உடைந்தது. எங்கள் எச்ஆர் அம்மா படிவத்தையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “இதில் அப்பா வேறு ஆளாக இருக்கிறாரே?” என்றார். அடுத்து, “இதை நாங்கள்தானே போட வேண்டும், வெளியாளிடம் ஏன் போனாய்?”

டிபிக்கு மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டியது முதலாளி, அல்லது முதலாளி நியமித்த ஏஜென்சி. நாம் தனியாக ஒருவரைப் பிடித்துப் பணம் கொடுத்தால் அவர் அனுப்ப ஒரு வழியும் இல்லை. ஏழு வாரமாக எதுவுமே ‘ப்ராசஸில்’ இருந்திருக்கவில்லை. டிபி என்பது சட்டப்படி மணந்த துணைக்கும், 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத சொந்தப் பிள்ளைக்கும் தத்துப் பிள்ளைக்கும். துணையின் முந்தைய மணத்துப் பிள்ளைக்கு அதே அமைச்சு தரும் எல்டிவிபி (நீண்டகால வருகை அனுமதி) என்ற தனி வழியே இருக்கிறது. நேர் வழி திறந்து கிடக்கும்போதுதான் என்னைச் சுவரேறிக் குதிக்கச் சொல்லியிருக்கிறார் மனுஷன். அந்தப் படிவம் போயிருந்தால் பொய்த் தகவல் கொடுத்த குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம்.

எச்ஆர் அம்மா கேட்டவை: எங்கள் திருமணச் சான்றிதழ், பையனின் பிறப்புச் சான்றிதழ், முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ். அப்புறம் தடுப்பூசி அட்டை. 2019 பிப்ரவரியிலிருந்து, வெளிநாட்டில் பிறந்த 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசி போட்ட ஆதாரத்தை முதலில் சரிபார்க்க வேண்டும். ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அட்டை புதுக்கோட்டையில் மாமியார் பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருந்தது. மூன்று தேதி பேனா மையில் ஊறிப்போய், ஆரம்ப சுகாதார நிலையத்தில் திரும்ப எழுதி வாங்க நான்கு நாள். கட்டணம்? ஆளுக்கு விண்ணப்பத்துக்கு 105, பாஸ் கொடுக்கும்போது 225. மூன்று வாரத்தில் மனைவிக்கு டிபியும் பையனுக்கு எல்டிவிபியும் வந்துவிட்டன.

இன்னும் இரண்டு பொய்களையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஆசிரியை. “டிபி இருந்தா வேலைக்கும் போகலாம்” என்றார் ஏஜென்ட். 2021 மே மாதத்திலிருந்து டிபிகாரர் வேலைக்குச் சேரத் தனக்கென்று வேலை அனுமதி எடுக்க வேண்டும். இன்னொன்று என் அறை நண்பனிடம் சொன்னது. அவன் எஸ் பாஸ் (ஈபிக்கு அடுத்த நிலை வேலை அனுமதி), மாதச் சம்பளம் 5,400. குடும்பத்தை அழைக்க 6,000 வேண்டும். “லெட்டர்ல அட்ஜஸ்ட் பண்ணிடலாம்” என்றாராம். நல்லவேளை, அவன் என்னைவிட விவரம்.

சிங்கப்பூர்க் குடிமகனையோ பிஆரையோ (நிரந்தரவாசியையோ) மணந்தவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்களுக்குக் குடிநுழைவு ஆணையம். கணவனோ மனைவியோ தன் சிங்பாஸ் (அரசாங்க இணையக் கணக்கு) வைத்துத் தானே விண்ணப்பிக்கலாம். குடிமக்கள் கல்யாணத்துக்கு முன்பே தகுதி பார்த்துச் சொல்லும் ஏற்பாடும் 2015 முதல் இருக்கிறது. அங்கேயும் நடுவில் ஆள் தேவையில்லை.

யாரிடமாவது பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உரிம எண்ணைக் கேட்டு வாங்கி மனிதவள அமைச்சின் பட்டியலில் தேடிப் பாருங்கள். எண் கேட்டதும் டீ சொல்கிறவரிடம் உட்காராதீர்கள்.

நான் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 5,000 வெள்ளிக்குள் என்றால் தனியாளுக்குப் பத்து வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வைக்க அனுமதியே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். நோட்டீஸ் போன மறுநாள் ஏஜென்ட் கூப்பிட்டார். 800 தருகிறாராம், மனுவை எடுத்துவிட வேண்டுமாம். ‘தம்பி’ போய் ‘சார்’ ஆகியிருந்தது. முழுசாக 2,400 வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.