கேம்பர் வேனில் ஏசி, வெளியே 2 கேவிஏ ஜெனரேட்டர்: சில கோடைகள் ஓட்டிப் பார்த்த பிறகு

சின்ன ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடும். ஆனால் எந்த வகை ஏசி, வேன் எவ்வளவு சூடேறும், ராத்திரி எத்தனை மணி வரை ஓட்டப் போகிறீர்கள் என்று யோசிக்காமல் கடையில் பணத்தைக் கட்ட வேண்டாம்.

எங்களுடையது டிராவலர் வேனை உள்ளேயே படுத்துத் தூங்கும்படி மாற்றிக் கட்டிய கேம்பர். இருப்பது பெங்களூரு அல்சூரில். ஊருக்குள் ஏப்ரலை விட்டால் ஏசிக்குப் பெரிதாக வேலை இல்லை. கிருஷ்ணகிரி தாண்டி வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் இறங்கும்போதுதான் தேவைப்படுகிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் எல்லாருக்கும் படுக்க இடம் இருக்காது. நாங்கள் வேனிலேயே படுத்துக்கொள்வோம். மே மாத வேலூரில் இருட்டி வெகுநேரம் ஆன பிறகும் வேனின் கூரைத் தகடு கையைச் சுடும்.

ஜெனரேட்டர் பெட்ரோலில் ஓடும் இன்வெர்ட்டர் வகை. பெட்டியில் 2.2 கேவிஏ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் தொடர்ந்து தருவது 1.8 தான், அதாவது சுமார் 1,800 வாட். அதிலும் உயரக் கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் திறன் சுமார் 3.5 சதவீதம் குறையும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பத்து சதவீதம் இங்கேயே போய்விடுகிறது. வேலூரில் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஏலகிரி ஏறினால் மறுபடி குறையும். ஆனால் அங்கே ஏசி யாருக்கு வேண்டும்?

ஜெனரேட்டர் விற்றவர், "1 டன் விண்டோ ஏசியே தாராளமா ஓடும் சார்" என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போது அது எடுப்பது ஆயிரத்துச் சொச்சம் வாட்தான், அந்த அளவில் அவர் சொன்னது சரி. கிளம்பும் நொடியில்தான் வம்பு. சாதாரண கம்ப்ரசர் கிளம்பும்போது வழக்கமான கரன்ட்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அங்கேயே கையைத் தூக்கிவிடும். பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டில் வயர் வாங்கப் போன இடத்தில் ஒரு தமிழ்க்கார எலக்ட்ரீஷியன், "அண்ணா, ஓட்டுறது பெரிசில்ல, கெளப்புறதுதான் பெரிசு. இன்வெர்ட்டர் ஏசியா எடுங்க" என்றார். 0.8 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் வாங்கினோம். அதன் கம்ப்ரசர் மெதுவாக வேகம் பிடிக்கும். வாட் மீட்டரில் பார்த்தால் 200, 300 என்று ஏறி 850 பக்கம் போய் நிற்கும். உள்ளே குளிர்ந்த பிறகு 350க்கு இறங்கிவிடும்.

கிளப்பும் முறை இப்போது கைப்பழக்கமாகிவிட்டது. கயிற்றை இழுத்து, சோக்கைத் தள்ளி, இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுவேன். லோடுக்குத் தக்கபடி இன்ஜின் வேகத்தைக் குறைத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் எக்கோ சுவிட்ச் ஆஃப். ஏசியை முதலில் ஃபேனில் வைத்து, அப்புறம் 26 டிகிரி கூல். கம்ப்ரசர் சேரும்போது இன்ஜின் சத்தம் ஒரு படி கனக்கும். அது சீரானதும் எக்கோவைப் போட்டுவிடலாம். ஒருமுறை ஏசி முழு வேகத்தில் இருக்கும்போது வீட்டுக்காரி 1,500 வாட் கெட்டிலில் வெந்நீர் வைத்தாள். இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, கரன்ட் மட்டும் இல்லை. "என்னங்க, ஏசி நின்னுபோச்சு?" என்ற குரல் வேனுக்குள்ளிருந்து வந்தது. அதிலிருந்து காபிக்கு கேஸ் அடுப்புதான்.

ஏசிக்குச் செலவழித்ததைவிட வேனின் கூரைக்கும் பக்கத்துக்கும் வெப்பத்தைத் தடுக்கும் நைட்ரைல் ஃபோம் ஒட்டியதும், முன் கண்ணாடிக்கு வெள்ளித் திரை போட்டதும் அதிகப் பலன் தந்தன என்பேன். அதற்கு முன் ஏசி 850 வாட்டிலிருந்து இறங்கவே இறங்காது.

பெட்ரோல் கணக்கு கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். டேங்க் 3.6 லிட்டர். முழு லோடில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், கால் லோடில் எட்டு மணி நேரமும் வரும். அதாவது கால் லோடில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், நூறு ரூபாய்க்கு மேல். முழு லோடில் அதுவே அறுபத்துச் சொச்சம். ஏசி குளிர்ந்து 350 வாட்டில் ஓடும் நேரம்தான் நமக்குச் சுகம், ஜெனரேட்டருக்கு நஷ்டம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு தரையில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே ஏறியிருந்தது. அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் தெரியாது. எங்கள் ஜெனரேட்டர் வேனுக்குள்ளோ அடியிலோ ஒருபோதும் ஓடாது. 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரில் பத்து மீட்டர் தள்ளி, காற்று போகும் திசையில், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வைப்பேன். வயர் நுழையும் ஓட்டைகளை சிலிக்கோன் பசை வைத்து அடைத்தாயிற்று. படுக்கைக்குப் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் சும்மா சோதித்துப் பார்ப்பது என்ற பேச்சே கூடாது.

சத்தமும் சங்கடம்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அனுமதி. இந்த ரகம் ஏழு மீட்டர் தள்ளி நின்றாலும் அதைத் தாண்டிவிடும். பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன். இல்லாவிட்டால் எதிர்வீட்டுத் தாத்தா வந்து நிறுத்துவார். அப்புறம் விடியும்வரை ஃபேன்.

பராமரிப்பு சுலபம். ஆயில் முதலில் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விடாமல் வடித்துவிட்டு, கார்புரேட்டர் காயும்வரை ஓட்டி நிறுத்தினால் அடுத்த கோடைக்கு இரண்டு இழுப்பில் கிளம்பும். பெட்ரோல் பங்கில் பிளாஸ்டிக் கேனை நீட்டினால் முறைப்பார்கள். 1934 பெட்ரோலியம் சட்டப்படி விற்பனைக்கு இல்லாத 30 லிட்டர் வரை உரிமம் வேண்டாம், ஆனால் இறுக்கமாக மூடிய உலோகக் கலனாக இருக்க வேண்டும். எங்களிடம் ஐந்து லிட்டர் இரும்பு கேன் ஒன்று இருக்கிறது.

பத்து மணிக்குப் பிறகான புழுக்கத்துக்கு ஒரு யோசனை உண்டு. சாயங்காலம் ஏசி ஓடும்போதே 24 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒன்றையும் சேர்த்து சார்ஜ் ஏற்றினால் ஜெனரேட்டர் நல்ல லோடில் ஓடும், யூனிட் விலையும் குறையும். அந்தப் பேட்டரியில் ஏசி அதிகாலை மூன்று நான்கு மணி வரை தாங்கும். எஸ்.பி. ரோட்டில் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். சீட்டுப் பணம் வந்ததும் வாங்கவேண்டும்.