மலிவு விலை ஓபிடி ஸ்கேனர்: வாங்கலாம், ஆனால் எதற்கு?

ஓபிடி என்பது காரின் கணினி தன் கோளாறுகளைத் தானே கண்டுபிடித்துப் பதிவு செய்யும் முறை; அதைப் போனில் படித்துக் காட்டும் கருவிதான் ஸ்கேனர் அல்லது ரீடர். எல்ம் 327 என்ற சிப்பின் பெயரில் ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் ப்ளூடூத் ரீடர்கள் பெரும்பாலும் நகல்கள்தான். அசல் சிப்பைத் தயாரித்த கனடா நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. ‘வி2.1’ என்று போட்டிருக்கும் நகல்களில் பல கட்டளைகள் வேலை செய்யாது. சில கார்களோடு இணையவே இணையாது. ‘வி1.5’ நகல்கள் எவ்வளவோ தேவலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் 4.0 மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, போனில் 1234 அல்லது 0000 கொடுத்து இணைத்தால் போதும். ரீடரில் விளக்கே எரியவில்லையா? முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே ஃப்யூஸ்தான்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் கோளாறுக் குறியீட்டை (கோடு) படித்த கையோடு அழித்துவிடாதீர்கள். கோளாறு வந்த நேரத்து ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு எல்லாம் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பதிவில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அழியுங்கள்.

இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு லைவ் டேட்டாவில்தான், அதாவது எஞ்சின் ஓடும்போதே சென்சார்கள் காட்டும் அளவுகளில்தான், திரும்பக் கிடைக்கிறது. பெட்ரோல் காரில் பி0171 என்ற கோடு வந்தால், எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள், மாற்றாதீர்கள். கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்று காட்டும் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்து சதவீதம் வரை கவலையில்லை. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) +20-ஐத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ வெளிக்காற்று உள்ளே கசிகிறது (வேக்குவம் லீக்). இன்டேக் ஹோஸ், கேஸ்கெட்டைத் தேடுங்கள். ஐடிலில் சரியாக இருந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகப்படலாம். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள கார் என்றால் அதில் அழுக்கு படிந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) உள்ள எஞ்சினில், முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்து ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0301 கோடே மறுபடி வந்தால் ஸ்பார்க் பிளக்கையும், அதன் பிறகு இன்ஜெக்டரையும் இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். புதுப் பாகம் எதையும் வாங்காமலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இந்த ரீடரை நம்ப வேண்டாம்; பொது ஆப்களால் எஞ்சின் கோடுகளைத்தான் உறுதியாகப் படிக்க முடியும். இந்தியாவில் ஓபிடி 2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய கார்களில் சாக்கெட் இருந்தாலும் பதில் வரும் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். சும்மா செருகியிருந்தாலே சுமார் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் அவர். சின்னக் காரின் 35 ஆம்பியர் அவர் பேட்டரி, இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் நின்றால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.